மெடோலார்க் மருந்தும் எமெட்டின் செவிட்டுக் காதும்

மார்ச் 11

குப்பையா? எதுடா குப்பை? என் மருந்தா, உன் மிஷினா? அந்தக் குண்டு வேகம் பாக்குற பெட்டியை உன் மருமகன் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தான். அவன் வாங்கிக் குடுத்த எதுதான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு? மீன் வறுக்கிற அடுப்பு ஒண்ணு குடுத்தானே, அது மீனை விட்டுட்டு உன் புருவத்தை வறுத்துச்சே, மறந்துட்டியா?

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். அதற்குள் வைத்துவிட்டான். எமெட் பிட்மனுக்கு அதுதான் வழக்கம். தன் வாய் ஓய்ந்ததும் போனை வைத்துவிடுவான். கரண்டு கம்பம் ஏறின ஆள், துப்பாக்கிச் சத்தத்தில் காது போனவன். காதுக்கு மிஷின் மாட்டியிருக்கிறான், ஆனால் அடுத்தவன் பேசும்போது அதைத் திருகி அணைத்துவிடுகிறான் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் மிச்சச் சண்டையை இங்கே போடுகிறேன். என் பெண்டாட்டி இர்மா இருந்தவரை அவளிடம் போட்டேன். அவள் மாவு உருட்டிக்கொண்டே "ம்" என்பாள். இந்த நோட்டு அதுகூடச் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். தோட்டாவுக்குப் போடும் பழைய வெடிமருந்து தீர்ந்துபோனது. இந்த ஓசார்க் மலைப்பக்கத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் கையை விரிக்கிறான். அது பாப்கார்ன் மாதிரி உப்பின மருந்து. தோட்டாக் கூட்டில் போட்டால் கழுத்துவரை நிற்கும். சுட்டால் கையை உதைக்காது. கிழடுகளுக்கென்றே கடவுள் செய்தது. அதன் இடத்தில் இப்போது வந்திருப்பது மெடோலார்க். பறவைப் பெயர், வெள்ளை டப்பா, மிளகுத்தூள் மாதிரி சன்னம். புத்தகத்தில் போட்டிருக்கும் ஆகக் குறைந்த அளவை நிறுத்துப் போட்டேன். கூட்டின் அடியில் தீப்பொறிக் கேப்பு பதித்து, ஈயக் குண்டை உட்காரவைத்து, வீட்டுக்குப் பின்னால் நின்று என் ரிவால்வரில் சுட்டேன். என் மிஷின் காட்டிய எண்கள் ஒரே பன்றி போட்ட குட்டிகள் மாதிரி, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டாம்.

அதே தோட்டாவில் அரைப் பெட்டியை எமெட்டுக்குக் கொடுத்தேன். புத்தி இல்லாத வேலை. அவன் சுட்டுவிட்டு போன் போடுகிறான்: "டெல்பர்ட், உன் மருந்து தவளை மாதிரி குதிக்குது. ஒண்ணு ஓடுது, அடுத்தது நொண்டுது. குப்பை. அக்காவுக்கு இதைக் கட்டிக் குடுத்துடாத."

அக்காவுக்கு. அங்கேதான் குத்தினான்.

மார்ச் 12

எமெட்டின் அக்கா வில்லா ஜீன். இந்த ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள். எட்டாம் வகுப்போடு மரம் அறுக்கும் மில்லுக்கு ஓடிவிட்ட என்னை மட்டும் ஏற்றவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அவள் புருஷன் ராய்ஸ் போன பிறகு அவளுக்குத் தோட்டா கட்டிக் கொடுப்பது நான்தான். மாதம் ஒரு பெட்டி. கொண்டுபோய் அவள் சமையலறை மேஜையில் வைப்பேன். காபி வரும், பழம் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு வரும், இரண்டு திட்டு வரும்.

போன குளிர்காலம் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளே ஆணி வைத்திருக்கிறார்கள். உதைக்காத தோட்டாவாக இருந்தால் சுடலாம், இல்லையென்றால் ரிவால்வரை ஆணியில் மாட்ட வேண்டியதுதான். மாட்டிவிட்டால் எனக்குப் பெட்டி கொண்டுபோகிற வேலை இல்லை. கையில் பெட்டி இல்லாமல் ஒரு ஆம்பளை ஒரு விதவை வீட்டுக் கதவை என்ன சொல்லித் தட்டுவது? நாங்கள் பாப்டிஸ்ட்டுகள். இரண்டாம் தட்டு கேட்பதற்குள் சர்ச்சுக்கே தெரிந்துவிடும்.

ஆகையால் மெடோலார்க் நல்ல மருந்து. நல்ல மருந்தாகத்தான் இருந்தாக வேண்டும்.

மார்ச் 15

பெட்டியைக் கொண்டுபோனேன். ருபார்ப் தண்டு வைத்த பை. புளிப்பு தூக்கல். சொல்லவில்லை.

"எமெட் இது சரியில்லைன்னு சொன்னானே" என்றாள்.

"அம்மணி, எமெட்டுக்கு எது சரியா இருந்திருக்கு? அவன் கல்யாணத்தன்னிக்குப் பொண்ணோட செருப்பு சத்தம் போடுதுன்னு குறை சொன்னவன்."

"நான் கேட்டது மருந்தைப் பத்தி."

"நானும் அதைத்தான் சொல்றேன். என் எண்ணைப் பாருங்க. ஒரே கோடு."

"அவன் எண்ணு?"

"அவன் மிஷினுக்குக் கண்ணு தெரியல. அவனுக்குக் காது கேக்கல. நல்ல ஜோடி."

சிரித்தாள். பெட்டியை எடுத்து அலமாரியில், மாவு டப்பா பக்கத்தில் வைத்தாள். மாதக் கடைசி சனிக்கிழமை, சுடும் போட்டிக்கு அதுதான் என்றாள். நான் இன்னொரு துண்டு பை கேட்டேன்.

மார்ச் 19

தீவனக் கடை வாசலில் எமெட்டைப் பிடித்தேன். என் மிஷின் பழசு, கோட்டு மாட்டும் கம்பியை வளைத்துக் கட்டியிருக்கிறேன். அவன் அதைப் பார்த்து, "இதுல வேகம் பாக்கறியா, கோழி புடிக்கறியா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தீவன மூட்டை வாங்க வந்த பொம்பளைகூடச் சிரித்தாள்.

"சரிடா, மாத்திப்போம். உன் பெட்டி எனக்கு, என் கோழி வலை உனக்கு. அவனவன் வீட்டுல சுடுவோம்."

"சுடு. சுட்டுட்டு அழு."

சுட்டேன். அவன் மிஷினிலும் என் எண்கள் ஒரே கோடு. சாயங்காலம் அவன் போன். என் மிஷினிலும் அவனுக்குத் தவளைதான் குதித்ததாம்.

"அப்ப மிஷின் ரெண்டும் சரி. நீ பொய் சொல்ற" என்றான்.

"இல்ல, குப்பை உன் கையி."

வைத்துவிட்டான்.

மார்ச் 22

எமெட் இன்று சர்ச்சில் என் பெஞ்சில் உட்காரவில்லை. நல்லது. பாட்டு சுருதியோடு இருந்தது.

மார்ச் 28

கல்குவாரியில் போட்டி. இதை எழுதாமல் தூங்கப் போகலாம். தூக்கம் வராது.

எல்லோரும் வழக்கம்போல அந்தக் காலத்து கௌபாய் மாட்டுக்காரன் வேஷத்தில். ஆளுக்கொரு பட்டப் பெயர் வைத்துக்கொள்வது எங்கள் கிளப் வழக்கம். எமெட்டுக்கு 'டகோட்டா இடி'. அவன் டகோட்டா பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எனக்கு 'கடன் வாங்கின குதிரை'. வில்லா ஜீனுக்கு 'கடைசி மணி'. பஸ் ஓட்டின காலத்து ஞாபகம்.

அவள் முறை வந்தது. எமெட் கடிகாரத்தோடு அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் அவன் தொப்பியைப் பற்றி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பு உறையிலிருந்து ரிவால்வரை உருவினாள். டும். டும். அப்புறம் ஒன்று. அது எனக்குக் கேட்கவே இல்லை. என் கதை எனக்கு அவ்வளவு சத்தம்.

"நிறுத்துக்கா!"

எமெட் கத்தினான். அவள் கட்டை விரல் அடுத்த குண்டுக்குச் சுத்தியலை இழுக்கப் போகிற நேரம். அவன் கை அவள் கைமேல் இருந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். பாதியில் இடித்தது. குண்டு வெளியே போகவில்லை. நடுக்குழாயில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அது வந்து இதன் முதுகில் முட்டி, குழாய் வாழைப்பழத் தோலாக உரிந்திருக்கும். அந்தக் கையோடு. ஆணி வைத்த அந்தக் கையோடு.

நான் என்ன சொன்னேன்? எழுதுகிறேன், எனக்கே அசிங்கமாக இருக்கட்டும். "வெளிய குளிரு, குண்டுக்கு வர மனசில்ல போல" என்றேன். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

சர்ச் மணியே கேட்காத செவிடன். 'டும்' இல்லை, 'புஸ்' என்று அவனுக்குக் கேட்டிருக்கிறது. அத்தனை பேர் காதும் நன்றாக இருந்த இடத்தில் அவனுக்குத்தான் கேட்டிருக்கிறது.

வில்லா ஜீன் பெட்டியை மூடி என்னிடம் நீட்டினாள். "டெல்பர்ட், இதை எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான். பீன்ஸ் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

மார்ச் 29

சர்ச்சுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 2

மழை விட்டது. அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்ததை எல்லாம் சுட்டேன், ஒவ்வொன்றுக்கும் குழாயில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து. ஒன்றுகூடப் பிசகவில்லை. அதே பன்றிக்குட்டிகள்.

அப்போ அந்த ஒண்ணுக்கு மட்டும் என்ன வந்துச்சு? நான் மருந்து போட மறந்தேனா? இல்ல. ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் விளக்கடிச்சுப் பாத்துட்டுத்தான் குண்டு வைப்பேன். மருந்தே இல்லன்னா குண்டு அவ்வளவு தூரம்கூட நகராது. எமெட் மாத்தி வெச்சானா? அந்த மூஞ்சிக்கு அவ்வளவு சூது வருமா? சீ. சொந்த அக்கா கைக்கே உலை வைப்பானா. நினைத்ததற்கே எனக்கு ஒரு அறை விடலாம்.

என் நாய் டீக்கன்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறது.

ஏப்ரல் 4

நான் என்ன செய்தேன் தெரியுமா?

காலையிலிருந்து எமெட்மேல் கோபம். தப்பு என்னுடையது என்றால் கோபம் இன்னும் கூடத்தானே வரும். திட்டுவதற்கு ஆள் இல்லை. சரி, அவனையே வரவழைப்போம் என்று சட்டைக்குள் தலையணையைத் திணித்துத் தொப்பை வைத்தேன். பழைய தோல் உறையைத் தொடைக்குக் கீழே தொங்கவிட்டேன், அவன் தொங்கவிடுகிற மாதிரி. காலை அகட்டி, மீசையைத் தடவுவதுபோல விரலை வைத்து, டீக்கனைப் பார்த்துச் சொன்னேன்: "நான்தான் டகோட்டா இடி. எனக்குக் காது கேக்காது, ஆனா என்னை எல்லாரும் கேக்கணும்." டீக்கன் வாலை ஆட்டியது. அதற்குப் பிடித்திருந்தது.

அப்படியே உருவி, இடுப்பிலிருந்தே நேராக நீட்டிச் சுட்டேன், அவன் சுடுகிற மாதிரி.

மிஷினைப் பார்த்தேன். எண் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது.

கோழி வலை கோளாறு என்று நினைத்தேன். மறுபடி எமெட் ஆனேன். மறுபடி விழுந்தது. தலையணையைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் வழக்கப்படி சுட்டேன். பன்றிக்குட்டி. திரும்ப உறையிலிருந்து. தவளை.

உட்கார்ந்துவிட்டேன். நான் சுடுவது எப்படி? பட்டாளத்தில் ஒரு சார்ஜென்ட் அடித்துப் பழக்கியது. கையை வானத்துக்குத் தூக்கி, மெதுவாக இறக்கி, குறிக்கு வந்ததும் நிறுத்திச் சுடுவது. இத்தனை வயதாகியும் அது போகவில்லை. தூக்கினால் குழாய் வானம் பார்க்கும், கூட்டுக்குள் இருக்கும் மருந்தெல்லாம் பின்னால் சரிந்து கேப்புமேல் உட்காரும். கேப்பு வெடித்ததும் பற்றிக்கொள்ளும். எமெட்டுக்கு அப்படி இல்லை. உறையில் குழாய் தலைகீழாகத் தொங்குகிறது. மருந்து முன்னால் ஓடி, குண்டின் காலடியில் படுத்துவிடும். கேப்பின் நெருப்பு வெறும் இடத்தை நக்கும். காபி டப்பாவில் ஒரு பிடி பீன்ஸ் போட்டுச் சாய்த்தால் சாய்த்த பக்கம் ஓடுவதில்லையா, அதுதான். அந்தக் காலத்துக் கரிமருந்துக்கு அளவெடுத்த நீளக் கூடு. அதில் இந்த மிளகுத்தூள் அடியில் கொஞ்சம்தான் நிற்கிறது. பாப்கார்ன் மருந்துக்கு ஓட இடம் இல்லை, இதற்கு ஊரே இருக்கிறது.

போட்டியில் சுடுகிற எல்லோரும் உறையிலிருந்துதான் உருவுவார்கள். வில்லா ஜீனும்தான். நான் ஒருத்தன்தான் வானத்தைக் காட்டுகிறவன். நான் நம்பினதும் என் ஒருத்தன் சோதனையைத்தான்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தோட்டா கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை மறக்கிற அளவுக்கு அந்தப் பழைய மருந்து சொகுசு காட்டிவிட்டது.

ஏப்ரல் 5

ஈஸ்டர். வில்லா ஜீன் தொப்பிக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். தொப்பியில் மஞ்சள் பூ. பாஸ்டர் கல்லறைக் கல் உருண்டதைப் பற்றிப் பேசினார். நான் நடுக்குழாயில் நின்ற குண்டைப் பற்றி நினைத்தேன்.

சொல்லாமல் விட்டால் என்ன? மெடோலார்க் குப்பை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நானும் ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. எமெட் சரி என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எனக்கு இறங்க மாட்டேன் என்கிறது. நான் ஆமாம் என்றால் அவளுக்கு உதைக்காத தோட்டா வேறு எதில் கட்டுவது? அதுவும் இருக்கிறது.

ஏப்ரல் 6

மிஷினையும் தலையணையையும் வண்டியில் போட்டுக்கொண்டு எமெட் வீட்டுக்குப் போனேன்.

"தலையணை எதுக்கு? தங்கப் போறியா?"

"காட்டணும். வாயால சொன்னா நீ காதை அணைச்சுடுவ."

அவன் முன்னாலேயே தலையணையைத் திணித்தேன். உறையைத் தொங்கவிட்டேன். காலை அகட்டினேன்.

"இது யாரு?" என்றான்.

"நீதான்."

"நான் இப்படியா நடக்கறேன்?"

"இதைவிட மோசமா. இது மரியாதைக்குக் கொஞ்சம் அழகுபடுத்தினது."

உருவிச் சுட்டேன். எண்ணைக் காட்டினேன். அப்புறம் ரிவால்வரை அவன் கையில் கொடுத்து, "இப்ப நீ நானாகு" என்றேன்.

"நீ எப்படி? பாவிகளுக்குச் சொர்க்கத்தைக் காட்டிட்டு அப்புறம் சுடுவியே, அப்படியா?" குரலை என் குரல் மாதிரி மூக்கில் வைத்துக்கொண்டு, தாடையை நீட்டி, கையை வானத்துக்குத் தூக்கினான். நன்றாகத்தான் செய்தான், பாவி. ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். இறக்கிச் சுட்டான். மறுபடி. மறுபடி.

எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். காது மிஷினைத் தொட்டுப் பார்த்தான், ஏதோ அதிலிருந்து பதில் வரும்போல.

"அப்ப என் மிஷின் சரி" என்றான்.

"என் மிஷினும் சரி."

"என் கையும் சரி."

"அதை இன்னும் யோசிக்கணும்."

"அக்காவுக்குக் குடுக்காதன்னு நான் சொன்னேன்ல?"

சொன்னான். அதற்கு என்னிடம் கேலி எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

"சொன்ன" என்றேன்.

அவன் ரிவால்வரிலிருந்து காலிக் கூடுகளைக் கையில் தட்டினான். ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "குட்டைக் கூடு எங்கிட்ட கொஞ்சம் கெடக்கு" என்றான். "அதே ரிவால்வர்ல போகும். உள்ள இடம் கம்மி. புத்தகத்துல அதுக்குத் தனி அளவு போட்டிருக்கான். ஓட இடமில்லன்னா உன் பறவை ஒழுங்கா உட்காருமோ என்னமோ."

"அது ஏன் உனக்குத் தோணுச்சு, எனக்குத் தோணல?"

"நான் பன்னெண்டாவது பாஸ்."

மூதேவி.

"அக்காகிட்ட நீதான் சொல்லணும்" என்றான்.

"நாம சொல்லலாம்."

"நீ."

ஏப்ரல் 14

எமெட்டும் நானும் என் கொட்டகையில் குட்டைக் கூட்டில் கட்டினோம். அவன் நிறுத்துப் போட்டான், நான் தோட்டா அழுத்தும் நெம்புகோலை இழுத்தேன், ஒருத்தன் வேலையில் ஒருத்தன் குற்றம் கண்டுபிடித்தோம். வானம் பார்த்துச் சுட்டோம், தரை பார்த்துத் தொங்கவிட்டுச் சுட்டோம், குலுக்கிச் சுட்டோம். எமெட்டைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே. தவளை இல்லை. ஆமை என்று சொல்லலாம். நொண்டாத ஆமை.

போகும்போது மொரெல் காளான் ஒரு பை வைத்துவிட்டுப் போனான். எங்கே பறித்தான் என்று கேட்டதற்குக் காது கேட்கவில்லை என்றான்.

ஏப்ரல் 19

பெட்டியை எடுத்துக்கொண்டு வில்லா ஜீன் வீட்டு வாசல்வரை போனேன். வண்டியை விட்டு இறங்கவில்லை. திரும்பிவிட்டேன். பெட்டி இல்லாவிட்டால் போக முடியாது என்று நினைத்திருந்தேன். இருந்தும் முடியவில்லையே. இதற்கு என்ன சொல்கிறாய், நோட்டே?

ஏப்ரல் 25

கல்குவாரி. வெயில். அவள் வந்திருந்தாள். சுடுவதற்கு இல்லை, சும்மா பார்க்க என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் இடுப்பில் உறை கட்டியிருந்தாள். சும்மா பார்க்க வருகிறவர் எதற்கு உறை கட்ட வேண்டும்? கேட்கவில்லை. கேலிக்குக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டேன், இதை இர்மா பார்த்திருக்க வேண்டும்.

அவள் முன்னால் போய் நின்று ஆரம்பித்தேன். காபி டப்பாவில் பீன்ஸ் என்றேன். வானம் என்றேன், தரை என்றேன். தலையணையைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது, உடனே நேராகிவிட்டது.

"எமெட் எல்லாம் சொல்லிட்டான்" என்றாள்.

"தலையணையையுமா?"

"அதைத்தான் முதல்ல சொன்னான்."

"துரோகி. என்னைச் சொல்லச் சொல்லிட்டு..."

"டெல்பர்ட்."

நிறுத்தினேன். பெட்டி என் கையில்தான் இருந்தது. மூடியில் எமெட் கோணல் எழுத்தில் 'குட்டை' என்று எழுதியிருந்தான். வியர்வையில் அது என் விரலில் ஒட்டியது.

"அம்மணி, அவன் சொல்லாதது ஒண்ணு இருக்கு. அவனுக்குத் தெரியாது. வேணாம்னு அவன் அன்னைக்கே சொன்னான். நான் கேக்காம உங்க மேஜையில கொண்டுவந்து வெச்சேன். என் மருந்து சரின்னு நிரூபிக்கவா? அது பாதிதான். பெட்டி இல்லாம வந்தா..." மீதியைப் பெட்டி மூடியைப் பார்த்துச் சொன்னேன். "நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன்னா, ஏன்னா..."

"கடைசி மணி!" சுடும் இடத்திலிருந்து எமெட் கத்தினான், கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி. "வரியாக்கா, இல்ல அந்தக் கிழவன் பேச்சு முடியறவரைக்கும் நிக்கப் போறியா? அதுக்கு ஆயுசு பத்தாது!"

"ஏன்னா..." என்றேன் மறுபடி.

அவள் கையை நீட்டி, உடைந்து சேர்ந்த அந்தக் கையை, என் விரல்களிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். சுடும் இடத்தைப் பார்த்து நடந்தாள். நடந்துகொண்டே மூடியைத் திறந்தாள்.